கிளியூரும் கிளிவனமும்

சேலம் மாநகரில் எழுந்தருளியுள்ள சிவபெருமானுக்குச் சுகவனேசுவரர் என்பது திருநாமம். சுகம் என்னும் வடசொல் கிளியைக் குறிக்கும். ஆகவே சுகவனம் என்பது கிளிவனம் என்னும் பொருட்டாயிற்று. இத்தலத்திற்கு வடபால் மதில்போல் நிமிர்ந்து நிற்பது சேர்வராயன் மலை. அம்மலைமேல், ஏற்காட்டிற்கு அணித்தாகக் கிளியூர் என்னும் சிற்றூர் ஒன்றும், அதன் பெயரால் வழங்கும் அருவியொன்றும் உள்ளன. அடிவாரத்தே கிளிவனம், மலைமீதே கிளியூர். இவ்விரு பெயர்களும் தம்முள் உறவுடையனவோ, அன்றித் தற்செயலாய் ஒத்தனவோ என்னும் ஐயம், மலைவளங் காணச்செல்லும் சைவ அன்பர்க்கு எழுதல் இயல்பே. அவ்வையத்தை முன்னிட்டு, அம்மலையின் வரலாற்றுள் உறுதியாக அறியக்கிடப்பன யாவை, வழிவழியாகச் சொல்லப்பட்டு வருவன யாவை, பிழைபடப் பரவியன யாவை எனப் பகுத்துக் காண்டல் பயனுடைத்து.

சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சார்ந்தது; ஏறத்தாழ 400 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பினது. அதன் உயர்ந்த முடி கடல்மட்டத்திற்குமேல் 5,326 அடி உயரமுடையது. சேலத்தினின்றும் ஏற்காட்டிற்கு ஏறும் சாலை இருபது கொண்டையூசி வளைவுகளை உடையது. அடிவாரத்தே முட்புதரும் வறண்ட பாறையும் தோன்றும். சற்றே ஏறிய அளவில் மூங்கிற்புதர்கள் எதிர்ப்படும். மேலே செல்லச்செல்லக் காற்றுக் குளிர்ந்து, காப்பித் தோட்டங்களும், அவற்றிற்கு நிழல் தரும்பொருட்டு நடப்பெற்ற சவுக்குமர வகையினும் உயர்ந்த வெள்ளோக்கு மரங்களும், அம்மரங்களைப் பற்றிப் படர்ந்த மிளகுக்கொடிகளும் இருமருங்கும் நெருங்கும். ஏரியும் காடும் ஒருங்கிருத்தலின் ஏரிக்காடு எனப் பெயர்பெற்று, அதுவே ஏற்காடு என மருவிற்றென்பர்.

அவ்வேரி நிறைந்து வழியும் நீர், காட்டினூடே ஓடிக் கிளியூர்ப் பள்ளத்தாக்கிற் பாறை விளிம்பினின்றும் ஏறத்தாழ 300 அடி வீழ்கின்றது. அதுவே கிளியூர் அருவி. மழை முடிந்தவுடன் சென்றார்க்கு அஃது ஓசையாலேயே தன் இருப்பிடத்தைக் காட்டும்; கோடையிற் சென்றார்க்கு நீர் வற்றிய கரும்பாறையே காட்சியாகும். மலையின் தென்விளிம்பில் நின்று நோக்கின், சேலம் மாநகர் முழுவதும் காலடியில் விரித்த படம்போல் தோன்றும். வானம் தெளிந்த நாளில் மேற்கே மேட்டூர் நீர்த்தேக்கமும் ஒரு வெள்ளிக்கோடாகப் புலப்படும். இரவில் நகரத்து விளக்குகள் கீழே பூத்த விண்மீன்களை ஒக்கும். காண்பவருட் பலர் இவ்வழகோடு மனநிறைவுற்று மீள்வர். மலையின் வரலாற்றை வினவுவார்க்கோ, பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும்: வெள்ளையர் வந்து இம்மலையைக் கண்டுபிடித்தனர் என்பதே அது.

அவ்விடையை ஆராய்தல் வேண்டும். சென்னை மாகாண ஆளுநராயிருந்த சர் தாமஸ் மன்றோ 1842ஆம் ஆண்டில் ஏற்காட்டைக் கண்டுபிடித்தார் என்று பல வழிகாட்டி நூல்களில் எழுதப்பட்டுள்ளது. மன்றோ 1820 முதல் ஆளுநராயிருந்து, 1827ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 6ஆம் நாளில் பத்திகொண்டாவில் வாந்திபேதியால் இறந்தவர். இறந்து பதினைந்தாண்டு கழிந்தபின் ஒருவர் ஒரு மலையைக் கண்டுபிடித்தல் யாங்ஙனம்? அவர்க்குச் சேலம் நாட்டோடு தொடர்புண்டு என்பது உண்மை. 1792இல் திப்பு சுல்தான் செய்துகொண்ட உடன்படிக்கையால் பாராமகாலும் சேலமும் கும்பினியார் கைப்பட்டபோது, கேப்டன் ரீடு என்பார்க்குத் துணைவராக அமர்ந்து 1799 வரையில் வரித்திட்டம் செய்தவர் அவர். அத்தொடர்பும் பிற்காலத்து ஆண்டொன்றும் எவரோ ஒருவர் எழுத்திற் கலந்து இப்பிழை தோன்றியிருத்தல் கூடும். ஒருவர் எழுதியதைப் பின்வந்தோர் ஆராயாது பெயர்த்தெழுதினமையால் அது வரலாறாகவே நிலைத்துவிட்டது. 1820 முதல் 1829 வரையிற் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பார் காப்பிப் பயிரை இம்மலையில் நடுவித்தார் என்பதே ஆங்கிலேயர் பற்றி இங்கு முதன்மையாகக் கொள்ளத்தக்க செய்தி.

இனி, ஆங்கிலேயர்க்கு முன் இம்மலை ஆளற்றுக் கிடந்ததோ எனின், அன்று. அதற்குச் சான்று பகர்ந்தவரும் ஓர் ஆங்கிலேயரே. இந்திய நிலநூற்றுறையிற் பணிபுரிந்த ராபர்ட் புரூஸ் பூட் என்பார், 1863ஆம் ஆண்டு சென்னையை அடுத்த பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியொன்றைக் கண்டெடுத்து, இந்நாட்டு மாந்தரின் தொன்மையை உலகறியச் செய்தவர். முதுமையில் ஏற்காட்டில் வீடு கொண்டு வாழ்ந்தவர். அவர் 1912இல் மறைந்தார்; அவர் நினைவுக்கல் ஏற்காட்டுத் தேவாலயத்தை அடுத்த கல்லறை நிலத்தில் இன்றும் உளது. அவர் தொகுத்து, 1904இல் சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பழம்பொருள்களுள் சேர்வராயன் மலையிற் கிடைத்த மெருகிட்ட கற்கோடரிகளும் அடங்கும். இரும்பை அறியாத காலத்தே, கல்லைக் கல்லால் தேய்த்துக் கூராக்கிக் காடு திருத்தி வாழ்ந்த மக்கள் இம்மலைமேல் இருந்தனர் என்பதை அவை அறிவிக்கின்றன. அக்கற்கோடரிகளை இம்மலைவாழ் மக்கள் சிறுகோயில்களில் வைத்துத் தெய்வமாகப் போற்றினர் என்பது கருதத்தக்கது. மூதாதையர் கைப்பட்ட கருவி, பின்னோர்க்கு வணங்கும் பொருளாயிற்று.

இற்றைநாளில் இம்மலையின் பழங்குடிகளாக விளங்குவோர் மலையாளிகள் எனப்படுவர். கேரள நாட்டினரைக் குறிக்கும் அப்பெயர் வேறு, இது வேறு. மலையை இடமாகக்கொண்டு ஆள்பவர் என்னும் பொருளில் வந்தது இது. இவர்கள் பேசுவது தமிழே. அரசினரால் பழங்குடியினராக அறிந்தேற்கப் பெற்றவர்கள். ஏற்காட்டுச் சட்டமன்றத் தொகுதியும் பழங்குடியினர்க்கென ஒதுக்கப்பட்டதாகும். இவர்தம் முன்னோர் காஞ்சிமாநகரினின்றும் புறப்பட்ட வேளாண் குடியினர் என்பதும், உடன்பிறந்தார் மூவருள் மூத்தவராகிய பெரியண்ணன் வழியினர் சேர்வராயன் மலையிலும், ஏனையோர் வழியினர் பச்சைமலை கொல்லிமலைகளிலும் குடியேறினர் என்பதும் இவர்களிடை வழங்கும் வரலாறு. இதனைத் தர்ஸ்டன் என்பார் 1909இல் வெளிவந்த தென்னாட்டுக் குலங்கள் பற்றிய தம் நூலிற் குறித்துவைத்தார். காஞ்சியினின்றும் போந்தபோது தம்முடன் கொணர்ந்த தெய்வத்திற்குக் கரிராமன் என்று அவர்கள் பெயர் கூறுவர். கரி என்பது யானை. காஞ்சியில் வரதராசர் எழுந்தருளிய இடமும் யானைமலை என்னும் பொருள்படும் அத்திகிரி என்றே வழங்கும். கல்வெட்டுச் சான்று இல்லாவிடினும், இப்பெயரொற்றுமை அவர்தம் காஞ்சிக் கதைக்கு ஓரளவு துணைசெய்வதாகக் கருத இடமுண்டு.

சமவெளியினர் இம்மலைமேல் மிகுதியாகக் குடியேறாமைக்கு ஒரு காரணம் மலைச்சுரம். கொங்குநாட்டு மலைச்சாரல்கள் பண்டுதொட்டே குளிர்சுரத்திற்குப் பெயர்போனவை. திருஞானசம்பந்தப் பெருமான் திருக்கொடிமாடச்செங்குன்றூரில் எழுந்தருளியிருந்தபோது அடியார் கூட்டத்தைக் குளிர்சுரம் பற்றிற்றென்பதும், அவர் திருநீலகண்டத் திருப்பதிகம் அருளி அதனைத் தீர்த்தருளினார் என்பதும் பெரியபுராணத்தால் அறியப்படும். அத்தலமாகிய திருச்செங்கோடு சேலத்திற்குத் தொலைவிலன்று. காய்ச்சலைக் கொசு பரப்புகின்றதென்னும் உண்மை 1897இல் ரொனால்டு ராஸ் என்பாரால் செகந்திராபாத்தில் நிறுவப்பெறும் வரையில், காட்டுக் காற்றே நோய்க்கு முதல் என்று அனைவரும் நம்பினர். அந்நாள்வரை மலையடிக் காடுகள் கோட்டை அகழிபோல் நின்று, மேலுள்ள மக்களையும் அவர்தம் வழக்கங்களையும் வெளியார் கலவாது காத்தன.

அவ்வழக்கங்களுள் தலைசிறந்தது சேர்வராயன் வழிபாடு. மலையின் உயர்ந்த மேடைநிலத்தில், தலைகுனிந்து புகவேண்டிய ஒடுக்கமான குகையொன்றுள், சேர்வராயனும் காவேரியம்மனும் எழுந்தருளியுள்ளனர். குகையினுள்ளே பாறை எப்போதும் ஈரம் கசியும். அக்குகைவழி காவிரியோடு சென்று கூடுமென்பது மலைவாணர் நம்பிக்கை. ஆண்டுதோறும் மே மாதத்தில் நிகழும் திருவிழாவிற் சிற்றூர்தோறுமிருந்து மக்கள் திரண்டு வந்து வழிபடுவர். சேர்வராயன் என்னும் பெயர்க்குச் சேரமன்னன் எனப் பொருளுரைப்பாரும் உளர். சேரர் குடியினர் தகடூரை வென்ற செய்தி பழந்தமிழ் நூல்களால் அறியப்படுதலின் அவ்வுரை முற்றும் பொருந்தாதென்று தள்ளுதற்கில்லை. எனினும் கல்வெட்டோ செப்பேடோ துணை நில்லாத சொல்லாராய்ச்சியை வரலாறென்று துணிதலும் கூடாது.

ஈண்டுச் சைவ அன்பர் ஒருசிலர், குகையும் மலையும் அம்மையும் இருத்தலின் சேர்வராயனைச் சிவபெருமானாகவே கொள்ளலாமென்று கருதுவர். அது நேர்மையாகாது. அம்மக்கள் நெற்றியில் அணிவது பெரும்பாலும் நாமம். காஞ்சியினின்றும் கொணர்ந்ததாகக் கூறும் தெய்வமும் இராமன் பெயருடையது. பிறர் வழிபடும் தெய்வத்தின் பெயரை மாற்றித் தமதாக்கிக்கோடல் சைவத்திற்கு வேண்டப்படுவதன்று. ஏனெனில் சித்தாந்தத்தின் துணிபு அதனினும் விரிந்தது. எத்தெய்வத்தை எவ்வாறு அன்பொடு வழிபடினும், அவ்வன்பை ஏற்று அதற்குரிய பயனை அளிப்பவன் முதல்வன் ஒருவனே என்பதைச் சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் தெளிவுறுத்தினார். அவ்வுண்மையை உணர்ந்தார்க்கு, குகைவாயிலில் நாமமணிந்து நிற்கும் மலைவாணர் அயலார் அல்லர். அவர் பெயரிட்டழைக்கும் தெய்வத்தை அப்பெயராலேயே அறிதல் போதும்.

இனி மலையினின்றும் இறங்கிக் கிளிவனத்தை அடையலாம். சேலத்துச் சுகவனேசுவரர் திருக்கோயில் தேவாரம் பெற்ற கொங்கேழ் தலங்களுள் ஒன்றன்று. எனினும் அருணகிரிநாதர் அத்தலத்து முருகப்பெருமானைத் திருப்புகழாற் பாடியுள்ளார். அம்மை சொர்ணாம்பிகை எனப்படுவர். தலவரலாறு பின்வருமாறு கூறும்: பிரமதேவர் உரைத்த படைப்பின் மறையைச் சுகமுனிவர் கிளிபோற் பிறர்க்குச் சொல்லிவிட்டமையால், கிளியாகப் பிறக்குமாறு சபிக்கப்பெற்றார். அவர் கிளிகள் பல சூழ இவ்வனத்தையடைந்து, புற்றிடையே தோன்றிய சிவலிங்கத்தை வழிபட்டு வந்தார். ஒருநாள் வேடன் ஒருவன் துரத்த, கிளிகள் அனைத்தும் அப்புற்றினுள் ஒளித்தன. அவன் சினந்து புற்றை வெட்டலுற்றான். கிளியரசாகிய சுகர், வெட்டு இறைவன் திருமேனிமேற் படாதவாறு தம் சிறகை விரித்து மறைத்துத் தாம் வெட்டுண்டார். திருமுடிமேற் பட்ட வடு இன்றும் உளதென்பர். சபிக்கப்பெற்ற முனிவர் அந்நிலையிற் பண்டை வடிவம் பெற்றார்.

இப்போது முதலில் எழுந்த ஐயத்திற்கு விடை காணலாம். சுகவனம், கிளியூர் என்னும் இரண்டும் ஒருபொருட் பெயர்களே. ஆயினும், ஒன்றினின்றே மற்றொன்று தோன்றிற்று என்பதற்குச் சான்று ஏதுமில்லை. கிளியூர் என்னும் பெயர் தமிழகத்தே பிறவிடங்களிலும் உண்டு. சோழர் காலக் கல்வெட்டுக்களிற் கிளியூர் மலையமான் என்னும் சிற்றரசர் மரபு காணப்படுகின்றது. அக்கிளியூர் நடுநாட்டைச் சார்ந்தது. மலையமான் என்னும் சொல்லைக் கண்டமாத்திரத்தே அதனை ஏற்காட்டு மலையோடு இணைத்தல் பெரும்பிழையாம். கிளி மிகுந்த காட்டையடுத்த ஊர்க்குக் கிளியூர் எனப் பெயரிடுதல் எந்நாட்டிலும் நிகழத்தக்கது. சேலத்திற்கு வடக்கே ஒருகாலத்து ஒரே காடு அடிவாரமுதல் மலைமுடிவரை தொடர்ந்திருந்ததாகலின், அக்காட்டுக் கிளிகளே இரண்டிடத்துப் பெயர்க்கும் காரணமாயின எனக் கருதுதல் தகும். அதற்குமேற் சொல்லுதல் ஆராய்ச்சி அன்று.

பெயரால் நிறுவ இயலாத உறவை நீர் நிறுவுகின்றது. சேர்வராயன் மலை மூன்று ஆறுகட்குப் பிறப்பிடம். வாணியாறு வடகிழக்கே இறங்கித் தென்பெண்ணையை நோக்கிச் செல்லும். சரபங்கா மேற்கே ஓமலூர் வழியாகச் சென்று காவிரியிற் கலக்கும். திருமணிமுத்தாறு தெற்கே சேலம் நகரினூடே பாய்ந்து, நாமக்கல் நாட்டைக் கடந்து காவிரியை அடையும். அம்மணிமுத்தாற்றங்கரையிற் சிவாலயங்கள் ஐந்து வரிசையாக எண்ணப்பெறும். சேலத்துச் சுகவனேசுவரர், உத்தமசோழபுரத்துக் கரபுரநாதர், பில்லூர் வீரட்டேசுவரர், மாவுரெட்டிப் பீமேசுவரர், நஞ்சை இடையாற்றுத் திருவேலீசுவரர் என்பன அவை. இவற்றுள் உத்தமசோழபுரம், பாரி மகளிர்க்கு ஒளவையார் திருமணம் செய்வித்த இடமென்று செவிவழிச் செய்தி வழங்கும் ஊர். மலைமேற் பெய்த மழையே இவ்வைந்து தலங்கட்கும் தீர்த்தமாய் ஓடிற்று. மலைவாணர் தம் குகையிற் காவேரியம்மனை வைத்து வழிபடுதல், இந்நீர் இறுதியிற் சென்று சேரும் இடத்தை அவர்கள் அறிந்திருந்தமையைக் காட்டும். நிலநூல் கற்றோர் ஏட்டில் வரைந்ததை அவர்கள் வழிபாட்டில் வைத்தனர்.

திருக்கோயிலுக்கு மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றும் இன்றியமையாதன என்பது சைவர் அனைவரும் அறிந்தது. இம்மூன்றனுள் மூர்த்திக்கு வழிபாடு நிகழ்கின்றது. தலத்திற்குத் திருப்பணியும் குடமுழுக்கும் நிகழ்கின்றன. தீர்த்தத்தின் நிலையோ இரங்கத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் காப்பித் தோட்டங்கட்காக மலைமேற் சோலைகள் பல அழிந்தன. நிழல்மரம் நிற்கும் தோட்டம் வெறுநிலத்தினும் மேலானதே. ஆயினும் பலவகை மரமும் கொடியும் சருகும் செறிந்த சோலைபோல் அது மழைநீரைத் தாங்கி, மெல்லமெல்லக் கசியவிடுதல் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்கு வேண்டிய பாக்சைட்டுக் கனியும் சேர்வராயன் மேடைநிலத்தில் வெட்டியெடுக்கப்பட்டது. மலையின் மேற்றோலை உரித்தால் ஊற்றுக்கண் காய்தல் இயல்பு. கீழே வந்த நீரையோ நகரம் தன் கழிவுநீராலும் சாயநீராலும் நிறைத்தது. மணியும் முத்தும் பெயரிற் கொண்ட ஆறு, கிளிவனத்து இறைவன் திருமுன்பு கரிய சாக்கடையாய்ச் செல்கின்றது. அதன் கரையில் நின்று கைகூப்பும் அடியார், மூக்கைப் பொத்திக்கொள்ள நேர்கின்றது.

கோயிலுக்குக் கிணறும் குழாயும் உள. ஆற்றுநீர் எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். திருமஞ்சனம் எவ்வாறேனும் நிகழும் என்பது உண்மையே. ஆயின், ஆற்றின் பெயர் தாங்கிய தலவரலாறும், கரையிலே வரிசைப்பட்ட ஐந்து ஆலயங்களின் அமைப்பும், அவ்வாறு இறந்துபட்டால் பொருளற்றனவாகும். சந்ததியார்க்கு மணிமுத்தாறு என்று காட்டிச்சொல்ல ஓர் ஓடைகூட எஞ்சாது. மேலும், கழிவுநீர் கலந்த ஆற்றங்கரை நிலத்தில் உழுதுண்பாரும், அக்கரைக் கிணற்றில் நீர் முகப்பாரும் அடியார்களே. உயிர்கள்மேல் வைக்கும் இரக்கமும் சிவபத்தியும் வேறல்ல என்பது சைவநூல்களின் முடிபு.

ஆதலின் ஏற்காட்டிற்குச் செல்லும் சைவ அன்பர்கள் கிளியூர் அருவியைக் கண்டு களித்தலோடு அமையாது, அந்நீரைத் தரும் காட்டையும், அக்காட்டிற் பன்னெடுங்காலம் வாழ்ந்துவரும் மலையாளி மக்களையும் மதித்தல் வேண்டும். சேர்வராயன் குகைக்குட் புகுவார், அவ்விடத்துக்குரியோரின் முறையறிந்து புகுதல் வேண்டும். குப்பையும் நெகிழிப்பையும் அருவியில் எறியாதிருத்தல் சிறியதோர் ஒழுக்கமே. எனினும் மலைமேல் எறிந்தது மலையடியிலுள்ள தீர்த்தத்தையே வந்தடையும் என்பதை நினைந்தார்க்கு அது சரியைத் தொண்டாகும். மணிமுத்தாற்றங்கரைத் திருக்கோயில்களைச் சார்ந்த அன்பர் குழாங்கள், திருவிழாவிற்குப் பொருள் திரட்டும் ஊக்கத்துள் ஒரு பங்கினை ஆற்றைத் துப்புரவாக்கும் பணிக்கும், மலைச்சாரலில் அந்நிலத்திற்குரிய மரங்களை வளர்க்கும் பணிக்கும் செலுத்துதல் தகும். உழவாரம் ஏந்திய அப்பர் பெருமான் வழிவந்தார்க்கு இது புதியதோர் அறமன்று.

புற்றினுள் ஒளித்த கிளிகளுள் ஒன்று தன் சிறகினும் வலியது வேடன் கைக்கோடரி என்பதை அறியும். அறிந்தும் சிறகை விரித்தது. அக்கிளிக்குத் தலமும் பெயரும் தந்த பெருமான், மலையினின்று வரும் தன் தீர்த்தத்திற்கும் அத்தகைய அடியாரை அருள்வானாக.

திருச்சிற்றம்பலம்.